கழுத்தைத் தொட்டுப் பார்

ஜூன் 3

அக்காவுக்கு,

உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் தம்பி இறங்கி வந்துவிட்டான் என்று முடிவு கட்டாதே. போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு இன்னும் சுருக்கென்று கோபம் வரும். காகிதத்துக்குக் குரல் இல்லை, அதுதான் சௌகரியம்.

விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக இங்கே சாயங்காலம் சரியில்லை. சூரியன் இறங்கியாயிற்று, இனி இருட்ட வேண்டியதுதான் என்று வாளியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது வானம் மறுபடியும் பற்றிக்கொள்கிறது. முதலில் மஞ்சள். அப்புறம் கத்தரிப்பூ நிறம். பேரி மரங்களின் இலை, பம்பு செட்டின் தகரக் கூரை, நாய், எல்லாம் அந்த நிறத்தில் நிற்கின்றன. என் கையைப் பார்த்தால் வேறு யாருடைய கையோ போல் இருக்கிறது. நேற்று ஏணியை மரத்தில் சாத்தியபடி விட்டுவிட்டு வேலியோரம் நின்றுவிட்டேன். உன் தம்பி பொண்டாட்டி வந்து தோளைத் தட்டினாள். "சாப்பிட வர்ற எண்ணம் இருக்கா, இல்ல இங்கயே வேர் விடப்போறீங்களா?"

எங்கோ நடுக்கடலில் எரிமலை வெடித்ததாக ரேடியோவில் சொன்னார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? உன் மருமகள் உயிரை எடுக்கிறாள். ஐந்து வயதுப் பிள்ளை கேட்கிற கேள்விகளா அவை? "அத்தைக்குத்தானே வானத்துல வேலை, அத்தையைக் கேளுங்கப்பா" என்று நச்சரிக்கிறாள். அவளுக்காகத்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருஷம் முன்னால், அப்பாவை எடுத்துக்கொண்டு போன மறுநாள், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தபடி நீ சொன்னாய்: "இதையெல்லாம் வெட்டிடுடா. இந்த மரங்க பூக்கறதுக்கு வேண்டிய குளிர் இனிமே இங்க வராது." அப்பா நட்ட மரங்கள். அவர் போர்வையை அப்போது இன்னும் மடிக்கக்கூட இல்லை. அதை நான் மறக்கவில்லை என்பதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன்.

தம்பி

ஜூன் 16

கரடிக்கு,

நாற்பது வயதானாலும் எனக்கு நீ கரடிதான். கையெழுத்தும் அப்படியே இருக்கிறது.

மருமகளிடம் சொல், அவள் கேட்டது சரியான கேள்வி. அந்த ஊதா நிறம் எரிமலையிலிருந்து வந்ததுதான்.

இந்த மலையுச்சி நிலையத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் நானும் என் கெட்டிலும். மற்றதில் மேலே திறக்கிற கூரை, அதன் கீழே பச்சை லேசர். அந்தி சாய்ந்ததும் அதை நேராக வானத்துக்கு அனுப்புவேன். வழியில் தூசியோ துளியோ இருந்தால் அதில் பட்டுக் கொஞ்சம் வெளிச்சம் கீழே திரும்பி வரும். எந்த உயரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். என் பிழைப்பு அவ்வளவுதான்.

மே மாதம் அந்த எரிமலை முதலில் லேசாகத்தான் வெடித்தது. "இதனால் ஒன்றும் ஆகாது" என்று நான்தான் மேலிடத்துக்கு எழுதினேன். காரணம் சொல்கிறேன், மருமகளுக்குப் புரிகிற மாதிரி நீ பக்குவமாகச் சொல். மேகமும் மழையும் ஒரு உயரத்தோடு நின்றுவிடும், அதை வானத்தின் கூரை என்று வைத்துக்கொள். அதற்கு மேலே மழை கிடையாது, அழுக்கைக் கழுவிவிட ஆளும் கிடையாது. காற்று சூடாகச் சூடாக அந்தக் கூரை உயர்ந்துகொண்டே போகிறது. சின்ன வெடிப்பின் புகை கூரையைத் தாண்ட முடியாமல் கீழேயே சிக்கி மழையில் கரைந்துவிடும். முன்பெல்லாம் தப்பித்து மேலே போயிருக்கும். இப்போது போக முடிவதில்லை.

ஒரு வாரம் கழித்து அதே மலை முழுசாக வெடித்தது. பெரிய வெடிப்புக்கு இந்த நியாயம் பொருந்தாது. நாம் சூடாக்கி வைத்திருக்கிற காற்றில் அதன் புகை, பழைய காலத்தில் போயிருக்கக்கூடியதைவிட உயரமாகப் போகிறது. அதிலுள்ள கந்தகம் மேலே போய் நுண்ணிய துளிகளாக மாறுகிறது. மேல்காற்றும் இப்போது வேகம் கூடியிருப்பதால் அந்தத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாக நேரமில்லை, அதற்குள் உலகம் முழுக்கப் பரவிவிடுகின்றன. சின்னத் துளிகள்தான் வெயிலை நன்றாகத் திருப்பி அனுப்பும். சூரியன் இறங்கிய பிறகும் அவ்வளவு உயரத்தில் அவற்றின்மேல் வெளிச்சம் படுகிறது. நீ வேலியோரம் நின்று பார்த்தது அதைத்தான்.

அதனால் குளிரும். இந்தக் குளிர்காலமும், அடுத்ததும் ஓரளவு. எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்காது, சில இடங்களில் உறைக்கவே உறைக்காது. மழையும் குறையும், குட்டையில் நீரைப் பிடித்து வை.

வெட்டச் சொன்னதைப் பற்றி நான் எழுதவில்லை. எழுதினால் கடிதத்தைக் கிழித்துப் போடுவாய், மருமகளுக்குப் பதில் போய்ச் சேராது.

அக்கா

செப்டம்பர் 20

வானிலை அறிக்கைக்கு,

உன் கடிதத்தை உன் மருமகளுக்கு மூன்று முறை வாசித்தாயிற்று. "கழுவிவிட ஆள் கிடையாது" என்ற இடத்தில் மூன்று முறையும் சிரித்தாள். இப்போது பாத்திரம் எங்கே கிடந்தாலும் அதைத்தான் சொல்கிறாள்.

ஆக, குளிரும் என்று நீயே உன் கையால் எழுதிக் கொடுத்துவிட்டாய். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். தோட்டத்துக்கு வருகிறவர்களிடம், "எங்கக்கா பெரிய இடம், அவளே சொல்லிட்டா" என்று எடுத்துக் காட்டுகிறேன். உனக்கு இங்கே திடீர் மரியாதை.

நீ சொன்னபடியே மழை கண்ணாமூச்சி ஆடுகிறது. ஆனால் வெயில் மாறிவிட்டது அக்கா. தண்ணீர் கலந்த பால் மாதிரி ஒரு வெயில். சூரியனைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம். நிழல்களுக்கு ஓரம் இல்லை. மத்தியானம் தோட்டத்துக்குள் நடந்தால் தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருக்கிறது. ஏழெட்டு வருஷமாக இந்த மாதத்தில் தலையில் ஈரத்துண்டு இல்லாமல் நான் வெளியே இறங்கியதில்லை. இன்று காலை அப்பாவின் கம்பளிச் சட்டையைத் தேடி எடுத்தேன். முழங்கையில் பூச்சி அரித்திருக்கிறது, அதனால் என்ன.

மேல் சரிவு முழுக்கக் காலியாகக் கிடக்கிறது இல்லையா, காய்க்காமலே காய்ந்துபோன மரங்களை எடுத்த இடம். அங்கே புதுசாகப் பேரி வைக்கப்போகிறேன். அப்பா வைத்த அதே ரகம். நாற்றுப்பண்ணைக்காரரிடம் சொல்லிவிட்டேன், வசந்தத்தில் லாரியில் கொண்டுவருவார். உன் தம்பி பொண்டாட்டி, "அண்ணியை ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள். கேட்கவில்லை. சொல்கிறேன், அவ்வளவுதான்.

தம்பி

அக்டோபர் 2

கரடி,

நடாதே.

இது இரவல் குளிர். மேலே போன துளிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கின்றன, நான் தினமும் பார்க்கிறேன். இரண்டு வருஷத்தில் வானம் பழையபடி தெளிந்துவிடும். பேரி காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நீ நடுகிற கன்று முதல் பூ விடுகிற வயதுக்கு வரும்போது இந்தக் குளிர் ஒரு கதையாகிப் போயிருக்கும். சூட்டை உண்டாக்குகிற கரிப்புகையை உலகம் இன்னும் விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இந்தத் துளிகளின் திரை விலகினால், அதற்குப் பின்னால் சேர்ந்த சூடும் சேர்ந்து வரும்.

உனக்குக் காய்ச்சல் வந்தது நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் ஏரிக்கு அழைத்துப் போகிறார்கள் என்று, ஈரத்துணியை நெற்றியில் போட்டுக் குளிரவைத்துக்கொண்டு அம்மாவிடம் போய் நின்றாய். அம்மா தொட்டுப் பார்த்து, "விட்டுடுச்சே, போய்ட்டு வா" என்றாள். படகில் மயங்கி விழுந்தாய். அப்புறம் ஒரு வாரம் படுக்கை. அன்றிலிருந்து அம்மா நம் நெற்றியைத் தொட்டதே இல்லை. "நெத்தியைக் காட்டி ஏமாத்துவீங்க, கழுத்தைக் காட்டு" என்பாள்.

எரிமலை இப்போது போட்டிருப்பது ஈரத்துணி. அதை நம்பிப் படகில் ஏறாதே. அந்தச் சரிவுதான் உங்கள் மூன்று பேருக்கும் சோறு.

அக்கா

அக்டோபர் 11

அக்காவுக்கு,

இருக்கிற மரத்தை வெட்டு என்கிறாய். இல்லாத மரத்தை நடாதே என்கிறாய். உனக்கு மரம் என்றாலே ஆகாதா?

கதை சொல்கிறவள் முழுசாகச் சொல்ல வேண்டும். ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து என் நெற்றியில் போட்டது யார்? "அசையாம படு, அப்பத்தான் நல்லா ஜில்லுனு இருக்கும்" என்று தலையைப் பிடித்துக்கொண்டது யார்? அம்மாவிடம் என்னைத் தள்ளிக்கொண்டு போனது யார்? எனக்கு அப்போது ஏழு வயது. அந்த வயதில் எனக்கு அவ்வளவு மூளை ஏது? நான் மயங்கி விழுந்தது வாத்தியார் மடியில், வாந்தியும் அங்கேதான். அடி வாங்கியது நான். நீ நல்ல பிள்ளையாக ஓரமாக நின்றாய்.

கன்றுகள் வரும். மேற்கொண்டு இதைப்பற்றி எழுத வேண்டாம்.

தம்பி

ஜனவரி 25

கரடிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியும்.

ஈரத்துணி போட்டது நான்தான். நீ ஏரியைப் பார்க்காமல் அழுதுகொண்டே கிடப்பாய் என்று மனசு கேட்கவில்லை. அதை அந்தக் கடிதத்தில் எழுதவும் மனசு வரவில்லை.

இங்கே பனி கொட்டுகிறது. நிலையத்தின் கதவைத் தள்ளித் திறக்க வேண்டியிருக்கிறது. சாமான் வாங்கக் கீழே டவுனுக்குப் போனேன். எல்லார் முகத்திலும் ஒரு தெளிவு. கடைக்காரர் காதுவரை மப்ளரைச் சுற்றிக்கொண்டு, "உலகமே சூடாகுதுன்னு உங்க ஆளுங்க பயமுறுத்தினாங்களே, இப்ப என்ன சொல்றீங்க?" என்றார். பேப்பரிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள், ஏதோ எல்லாம் தீர்ந்துபோன மாதிரி. நான் சிரித்துவிட்டுப் பால்பவுடரை எடுத்துக்கொண்டு வந்தேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கும் இந்தக் குளிர் பிடித்திருக்கிறது. ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன். பகலில் வெள்ளை வானத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தால் நான் படித்ததெல்லாம் யாரோ சொன்ன கெட்ட கனவு என்று தோன்றுகிறது. பிறகு கடல் ஆழத்தில் மிதக்கவிட்டிருக்கிற கருவிகள் அனுப்பிய அளவுகள் வரும். மேல்தண்ணீர் ஆறியிருக்கிறது. கீழே, பல வருஷமாக இறங்கிச் சேர்ந்த சூடு அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு அம்மாவின் கை நினைவுக்கு வருகிறது.

குளிர் என்றதும் நம் பழ அறையை நினைத்துக்கொண்டேன். சரிவுக்குள் குடைந்து, பேரிக்காய்களை வைக்கோலில் அடுக்கி வைப்போமே. ஏப்ரலில் உள்ளே போனாலும் பல் தந்தியடிக்கும். யார் அதிக நேரம் உள்ளே நிற்பது என்று நமக்குள் பந்தயம். நீ எப்போதும் தோற்பாய்.

நடு, நடாதே என்று ஒன்றும் சொல்லவில்லை. மரங்கள் பூத்தால் எழுது. அது போதும்.

அக்கா

ஏப்ரல் 8

அக்கா,

பூத்துவிட்டது.

உன் மருமகள்தான் முதலில் பார்த்தாள். விடிந்ததும் வாசலுக்குப் போனவள் ஓடிவந்து என் போர்வையை இழுத்தாள். முகம் வெளிறியிருந்தது. "அப்பா, மரத்துக்கெல்லாம் உடம்பு சரியில்ல. வெள்ளை வெள்ளையா என்னமோ வந்திருக்கு" என்றாள். நான் அலறியடித்துக்கொண்டு மருந்துத் தெளிப்பானோடு ஓடினேன், பூஞ்சை என்று நினைத்து. போய் நின்றால், அக்கா, கிளையே தெரியவில்லை. அடியிலிருந்து நுனிவரை பூ. வெள்ளை வானம், அதன் கீழே வெள்ளை மரங்கள், எங்கே மரம் முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. தேனீக்களின் சத்தம் மட்டும் ஒரு மோட்டார் ஓடுகிற மாதிரி. தெளிப்பானை முதுகில் மாட்டியபடியே அழுதேன்.

அவள் பிறந்ததிலிருந்து இங்கே ஒரு மரம் ஒழுங்காகப் பூத்ததில்லை. பேரித் தோட்டக்காரன் மகள், பூவைப் பார்த்து நோய் என்கிறாள். "இது பூடி செல்லம், இப்படித்தான் இருக்கணும்" என்றேன். அவள் நம்பவில்லை. ஒரு பூவைத் தொட்டுவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு நாற்றுப்பண்ணைக்காரரின் லாரி வந்தது. கன்றுகள் எல்லாம் நல்ல ஊட்டம், குழி வெட்டித் தயார். மரங்களைப் பார்த்துவிட்டு அவர், "பார்த்தீங்களா, நம்ம காலம் திரும்பிடுச்சு" என்றார். நானும் தலையாட்டினேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கன்றுகளை நிழலில் வைக்க வேண்டும் என்று பழ அறையைத் திறந்தேன். பழமே இல்லாத அறையை யார் திறக்கிறார்கள்? அப்பா இருக்கும்போது கடைசியாகத் திறந்தது. வெளியே இன்னும் குளிர், நான் அந்தக் கம்பளிச் சட்டையை மாட்டியிருந்தேன். உள்ளே போகப்போகிறோம், பல் தந்தியடிக்கப்போகிறது என்று பட்டன் எல்லாம் போட்டுக்கொண்டு, மகளையும் தூக்கிக்கொண்டு கடைசிச் சுவர்வரை போனேன். நீ எழுதியிருந்தாயே, பந்தயம். அவளிடம், "இங்க ரொம்ப நேரம் நின்னா நீ ஜெயிச்ச" என்றேன்.

நின்றோம். எனக்கு வியர்த்தது. அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "இங்கேயே தூங்கலாம்பா, கதகதப்பா இருக்கு" என்றாள்.

சுவரில் கையை வைத்தேன். பாறை ஜில்லென்று இருக்க வேண்டிய இடம். ஆள் எழுந்துபோன படுக்கை மாதிரி வெதுவெதுப்பு. வெளியே பூ, பனி, வெள்ளை வானம். உள்ளே இத்தனை வருஷத்துச் சூடும் மலைக்குள் இறங்கி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒரு குளிர்காலம் வந்து போனது அதற்குத் தெரியவே இல்லை. அம்மா கழுத்தில் கை வைத்ததும், நாம் மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்து தலையைத் தொங்கப்போடுவோமே, அப்படி நின்றேன். மகள் பந்தயத்தில் ஜெயித்துவிட்டாள்.

நாற்றுப்பண்ணைக்காரரைக் கன்றுகளோடு திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் முகத்தை ஒரு முழம் தூக்கி வைத்துக்கொண்டு போனார். ஒரு கன்று மட்டும் இங்கே நிற்கிறது, உன் மருமகள் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை.

இப்போது குழிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. அக்கா, நீ இத்தனை வருஷமும் வெட்டு, நடாதே, இரண்டைத்தான் சொன்னாய். அந்த இடத்தில் எதை வைப்பது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றைக்கு ஜன்னலில் நின்றபோது அதைச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. எதை நடட்டும்? கோபமெல்லாம் ஆறிவிட்டது. அதனால் கேட்கிறேன்.

இதோடு கொஞ்சம் பூ வைத்திருக்கிறேன். வந்து சேரும்போது பழுப்பேறியிருக்கும்.

கரடி

ஏப்ரல் 15

கரடிக்கு,

பூ வந்தது. பழுப்பேறித்தான் இருந்தது. வாசனை போகவில்லை.

எதை நடுவது என்று எனக்குத் தெரியாதுடா. அதனால்தான் சொல்லவில்லை. எனக்கு வானத்தில் எது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சொல்லத் தெரியும். உன் மண்ணில் எது நிற்கும் என்று தெரியாது. தெரியாததை ஒத்துக்கொள்ள அன்றைக்கு வாய் வரவில்லை, தெரிந்ததை மட்டும் போட்டு உடைத்துவிட்டேன்.

உன் கடிதம் வந்ததிலிருந்து விசாரித்தேன். குளிர் அதிகம் கேட்காத மரங்கள் உண்டு. மாதுளை, அத்தி, பாதாம். எது உன் சரிவுக்கு ஒத்துவரும் என்று உட்கார்ந்து பேச வேண்டும். காகிதத்தில் முடியாது. மரங்களை ஒரேயடியாக வெட்டவும் வேண்டாம், பூக்கிற காலம்வரை ஒரு வரிசை நிற்கட்டும். மருமகளின் கன்றை அவளே நடட்டும். யாராவது கேட்டால், அத்தை சொன்னாள் என்று சொல்.

நிலையத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வந்துவிட்டார். நாளை கிளம்புகிறேன். இந்தக் கடிதமும் நானும் அநேகமாக ஒரே பஸ்ஸில் வருவோம். அதற்குள் பூ உதிர்ந்திருந்தால் தரையில் கிடப்பதைப் பார்த்துக்கொள்கிறேன். பழ அறையைத் திறந்தே வை, நானும் ஒரு தடவை உள்ளே நிற்க வேண்டும்.

கோபம் ஆறிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். எழுத்தில் அப்படித்தான் தெரிகிறது. வந்ததும் உன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு நம்புகிறேன்.

அக்கா